போகாத பறவைகளையும் வரை

அன்புள்ள கயல் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய பறவை ஓவியங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். நெதர்லாந்துத் துறைமுக ஊரான ஹூக் வான் ஹாலந்தின் காக்காய்கள்தான் மனசைவிட்டுப் போகவில்லை. நம்ம ஊர் சாம்பல் கழுத்துக் காக்காய், 1994இல் கப்பலோடு போய் இறங்கி, அந்தக் குளிரையும் தாங்கி, 1997இல் கூடு கட்டியிருக்கிறது! கடைசியில் அரசாங்கமே சுடச் சொன்னது என்று நீ சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. போன இடத்தில் மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிற பறவை அது. பரிதாபத்தை வரைந்த கையால் அதையும் வரைந்துவிடு.

உன் படங்களில் இருப்பதெல்லாம் வேறு ஊருக்குப் போன பறவைகள். போகாமலே புது இடத்தில் மாட்டிக்கொண்டவை ஒன்றுகூட இல்லையே, ஏன்? 2011 டிசம்பர் 30, தானே புயல் ஓய்ந்ததும் நீயும்தானே பார்த்தாய். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. நம்ம தெருவில் நிழலே இல்லை. காக்காய் இருந்த இடத்தில்தான் இருந்தது, மரம்தான் இல்லை. அடுத்த வெயில் காலத்தில் செல்போன் டவரில் குச்சி சேர்க்க ஆரம்பித்துவிட்டது.

போன வாரம் மின்கம்பியில் உரசுகிறதென்று வேப்பங்கிளையைக் கழித்தபோது ஒரு காக்காய்க் கூடு விழுந்தது. குஞ்சுகள் எப்போதோ பறந்துவிட்டன, பதறாதே. வெளிச்சுற்று முழுக்கக் கட்டுக்கம்பி. எதிர்வீட்டு மாடி வேலையில் கம்பி கட்டுகிறவர்கள் போட்டுவிட்டுப் போன துண்டுகள். ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு, நான் பிரிக்கப் பார்த்தும் வரவில்லை. அடுத்த சுற்று வேப்பங்குச்சி. முட்டை கிடந்த குழியில் மட்டும் இரும்பே கிடையாது, தேங்காய் நாரும் கொஞ்சம் தலைமுடியும்தான். எதை எங்கே வைப்பது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, பாப்பா. பறவை உட்காரக் கூடாதென்று கட்டடங்களில் பதித்த முள்கம்பிகளையே பிடுங்கி பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் மேக்பை என்கிற காக்காய் வகைப் பறவை கூடு கட்டியதை 2023இல் ஆய்வாளர்கள் எழுதியதாகச் சொன்னாயே, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இதை வை.

நிறத்தைக் கவனி. புதுக் கம்பி கருப்பு, மழையில் நனைந்தது செம்பழுப்பு. இரண்டும் கலந்து கிடக்கிறது.

நாலு பக்கமும் படமெடுத்து, அளவு தெரிய ஸ்கேலும் வைத்து, இன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கூட்டைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் பார்.

அன்புடன்,
அப்பா
கடலூர் முதுநகர்