எந்தப் பன்றிக் காய்ச்சல்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காட்டுப்பன்றிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயிர்ச்சேதத்தைப் பற்றிய பகுதி நன்றாக இருந்தது. ஆனால் முதுமலையில் காட்டுப்பன்றிகளைக் கொன்றதும் 2009இல் உலகையே ஆட்டிவைத்ததும் ஒரே பன்றிக் காய்ச்சல் என்பதுபோல ஒரு வரி வந்திருக்கிறது. முப்பது வருடம் ஊசியும் தெர்மாமீட்டருமாகப் பட்டிபட்டியாகச் சுற்றியவன் நான். அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

2023 தொடக்கத்தில் முதுமலையில் பரவியது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். அது மனிதர்களுக்கு வராது. பன்றிக்கு வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. 2009இல் மெக்சிகோ பக்கம் கிளம்பியது ஹெச்1என்1, அதாவது இன்ஃப்ளூயன்சா, சுருக்கமாக ஃப்ளூ. ஃப்ளூ வந்த பன்றி நாலு நாள் தீனி எடுக்காமல் படுத்திருக்கும், நாய் குரைப்பதுபோல இருமும், வாரம் பத்து நாளில் பெரும்பாலும் எழுந்துவிடும். பண்ணையில் இருமினால் பண்ணைக்காரர் பார்ப்பார். காட்டில் இருமினால் யார் பார்ப்பது? முதுமலையில் செத்துக் கிடந்ததால்தான் நமக்குத் தெரிந்தது. ஃப்ளூ அப்படித் தடயம் போட்டுவிட்டுப் போகாது. எனக்குக் கவலை அதில்தான்.

பன்றிக்குப் பறவையின் ஃப்ளூவும் ஒட்டும், மனிதனின் ஃப்ளூவும் ஒட்டும். இந்த வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வைரஸ்கள் ஒரே பன்றியின் ஒரே செல்லுக்குள் புகுந்துவிட்டால், துண்டுகள் இடம் மாறி மூன்றாவதாக ஒன்று வெளியே வரலாம். 2009இன் வைரஸ் அப்படிப் பன்றிகளுக்குள் கலந்து பிறந்ததுதான். சரி, பழியைப் பன்றி மேலேயே போடவும் முடியாது. அந்த வைரஸை மனிதர்கள் பல நாடுகளில் பன்றிகளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். எகிப்தில் அந்த வருடம் பயத்தில் சுமார் 3 லட்சம் பன்றிகளை அழிக்க உத்தரவு போட்டார்கள். நோய் என்னவோ மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவிக்கொண்டிருந்தது.

மகள் டெக்ஸாஸில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர் தன் குட்டையைக் காட்டினார் (குட்டையை அங்கே ‘டேங்க்’ என்கிறார்கள், நம் ஊர் பழைய பொதுப்பணித்துறைப் பாஷை மாதிரி). கரை முழுக்கக் காட்டுப்பன்றி புரண்ட சேறு. அதே சேற்றில் குளிர்காலத்துக்கு வந்திறங்கிய கிளுவை வாத்துகளின் எச்சம். நீர்ப்பறவைக்கு ஃப்ளூ குடலில் இருப்பது, எச்சத்தோடு தண்ணீரில் இறங்கும். பன்றி அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது, கரையில் செத்துக் கிடக்கும் வாத்தையும் விடுவதில்லை. 2024 அக்டோபரில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரு சிறு பண்ணைப் பன்றிகளில் ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கேயும் கோழிக்கும் பன்றிக்கும் ஒரே தண்ணீர்.

அந்த டெக்ஸாஸ் பண்ணைக்காரர் புளித்த மக்காச்சோளத்தைப் போட்டுக் காட்டுப்பன்றிகளைக் கம்பிப் பட்டிக்குள் கூட்டத்தோடு பிடிக்கிறார். ஸ்பானியர்கள் கொண்டுவந்த வீட்டுப்பன்றிகள் காடேறி, வேட்டைக்காக இறக்கிய ஐரோப்பியக் காட்டுப்பன்றியோடு கலந்து பெருகிய இனம் அது. வேட்டை ஆசையில் உயிரோடு வண்டியில் ஏற்றி வேறு ஊரில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு, சட்டம் அனுமதிக்காவிட்டாலும். பன்றி நடந்து போவதைவிட வைரஸ் வண்டியில் வேகமாகப் போகும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அமெரிக்கர்களைப் பாராட்ட வேண்டும். பிடிபட்ட பன்றிகளின் மூக்கிலும் ரத்தத்திலும் மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள். 2011–12இல் அப்படி எடுத்த மாதிரிகளில் ஹெச்3 வகை ஃப்ளூ வைரஸே கிடைத்தது. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பண்ணைப் பன்றியின் ஃப்ளூவும் பறவையின் ஃப்ளூவும் காட்டுப்பன்றிகளைத் தொட்டுப் போயிருப்பது ரத்தத்தில் தெரிந்தது. மூக்கில் வைரஸ் ஒரு வாரம்தான் இருக்கும். ரத்தத்தில் அது வந்துபோன அடையாளம் மாதக்கணக்கில் நிற்கும். அதனால் மூக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

நம் மாநிலத்தில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட 2025 ஜனவரியில் அரசு வனத்துறைக்கு அனுமதி கொடுத்தது. சுடுவது சரியா என்று தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம். சுட்டுக் கிடக்கும் பன்றியிடம் ஒரு பஞ்சுக்குச்சியும் ஒரு ரத்தக் குழாயும் எடுத்துக்கொண்டு கால்நடைத் துறை ஆள் ஒருவர் போக என்ன செலவாகிவிடும்? ஐஸ் பெட்டியோடு சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அப்புறம், உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இந்தச் செய்தியைப் போடும்போது ‘ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்’ என்று முழுதாகப் போடுங்கள், மற்றதைப் ‘பன்றி ஃப்ளூ’ என்று போடுங்கள். முதுமலைச் செய்தி வந்த மாதம் என்னைத் தேடி வந்தவர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: “சார், பாப்பாவுக்கு ரெண்டு நாளா சளி. காட்டுப்பன்றி தோட்டத்துக்கு வந்துட்டுப் போச்சு. அதுவா இருக்குமோ?”

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
கூடலூர், நீலகிரி.