கார்னிவலுக்கு ஏன் பலகை அடிக்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

லண்டனில் கரீபியன் மக்களின் தெருவிழாவான நொட்டிங் ஹில் கார்னிவல் இந்த முறை ஓகஸ்ட் 30 ஞாயிறும் 31 திங்களும். வழமைபோல வெள்ளி மாலை 4 மணிக்குக் கடையைப் பூட்டி முகப்புக்குப் பலகை அடிப்போம். செவ்வாய் மதியம் திறப்போம். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. பலகை அடித்த எங்கள் கடை வாசல், கீழே “கறுப்பு ஆட்களைக் கண்டால் எங்கட கடைக்காரருக்கு நடுக்கம்” என்று ஒரு வரி. இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

கடைக்கு வந்து போகிறவர்களுக்குத் தெரியும். ஸ்காட்ச் பானெட் மிளகாய், பச்சை பிளான்டைன், யாம் கிழங்கு, தைம் கட்டு, உப்பிட்ட கோட் மீன் எல்லாம் எங்கள் கறிச்சட்டிக்கு வாங்கி அடுக்கியவை அல்ல, கரீபியன் வாடிக்கையாளர்களுக்காக. தால்பூரி ரொட்டி சுடும் ட்ரினிடாட் குடும்பங்கள் மஞ்சள் பருப்பையும் சீரகத்தையும் இங்கேதான் மூட்டைக் கணக்கில் எடுக்கிறார்கள். 1958இல் இதே தெருக்களில் கரீபியன் மக்களை வெள்ளைக் கும்பல்கள் தேடித்தேடி அடித்தன. அதற்கு மறுமொழியாகத்தான் ட்ரினிடாட்டில் பிறந்த கிளோடியா ஜோன்ஸ் 1959 ஜனவரியில் சென் பாங்க்ரஸ் நகர மண்டபத்துக்குள் ஒரு கார்னிவல் நடத்தினார். 1966இல் ஸ்டீல்பான் வாத்தியத்தோடு கொண்டாட்டம் தெருவுக்கு வந்தது. அப்படிப்பட்ட விழாவைக் கண்டு நடுங்குகிறோம் என்று எழுதினால் வலிக்காதா?

பயம் கண்ணாடியைப் பற்றியது. எங்கள் முகப்பில் இருப்பது பழைய 6 மி.மீ. சாதாரணக் கண்ணாடி. உடைந்தால் பொடியாக உதிராது, கத்தி போல நீளத் துண்டுகளாக விழும். மாஸ் குழுவின் (வேட உடுப்போடு ஆடிவரும் குழு) லொறி தெருவுக்குள் திரும்பும்போது நடுவில் ஆடுகிறவர்கள் ஓரத்துக்கு ஒதுங்குவார்கள், ஓரத்தில் நிற்பவர்கள் சுவரோடு நெரிவார்கள். யாரும் வேண்டுமென்று தள்ளுவதில்லை. ஆனால் வாசல் குழிவில் ஒரு பிள்ளை நின்றால் அத்தனை பாரமும் அந்தக் கண்ணாடியில்தான்.

பலகையையும் ஏனோதானோ என்று அடிக்க முடியாது. 9 மி.மீ. பிளைவுட் மலிவு, ஆனால் ஆட்கள் சாய்ந்தால் வயிறு வைத்து உள்ளே வளைந்து கண்ணாடியைத் தொடும். மழையில் நனைந்தால் இன்னும் மோசம். ஆகவே 18 மி.மீ., 8க்கு 4 அடிப் பலகை. அலுமினியச் சட்டத்தில் நேரே திருகாணி ஏற்றினால் கண்ணாடி மூலையிலிருந்து வெடிக்கும். அதனால் இரு பக்கச் செங்கல் தூணிலும் 4க்கு 2 அங்குலக் கட்டை பூட்டி, கண்ணாடியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி அதன் மேல் அடிக்கிறோம். திருகாணித் தலைகள் பலகைக்குள் அமிழ வேண்டும், விளிம்புகளை உரசித் துணி டேப் ஒட்ட வேண்டும். மாஸ் உடுப்புகளில் கம்பிச் சிறகும் இறகும் முழங்கைக்கு வெளியே நீண்டிருக்கும். துருத்திய ஓர் ஆணி போதும், மாதக்கணக்கில் தைத்தது கிழிந்துவிடும். அந்தப் பொறுப்பும் எங்களுக்கு உண்டு. பெயர்ப்பலகைக்கு மட்டும் பொலித்தீன் சுற்றுகிறோம். ஞாயிறு விடிய ஜுவே என்னும் சாயம் பூசும் கொண்டாட்ட நேரத்தில் சாயமும் சொக்லேட்டும் பறக்கும். பலகையில் பட்டால் படட்டும், நல்லாய்த்தான் இருக்கும்.

மேலே நான்கு அங்குல இடைவெளி விட்டு வலை அடிப்பது ஃபிரீசர்களுக்காக. காற்றோட்டமில்லாமல் முகப்பு முழுக்க மூடினால் அவை வெளியே தள்ளும் சூடு கடைக்குள்ளேயே தங்கும். கொம்பிரசர் ஓடி ஓடிக் கொதித்து நின்றுவிடும். அந்த இடைவெளியும் எல்லாவற்றையும் தாங்காது என்பதால் மீன் பெட்டியை வெள்ளியன்றே வெறுமையாக்குகிறோம். புது மீன் வியாழன், செப்டெம்பர் 3. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கட்டணமும் அன்றிலிருந்து 4 பவுண்.

ஸ்காட்ச் பானெட் விலையைப் பற்றியும் கேட்கிறார்கள். கார்னிவலில் சாப்பாடு விற்கும் எல்லா ஸ்டால்காரரும் ஒரே கிழமையில் கேட்டால் மொத்தச் சந்தையில் பெட்டி விலை ஏறும். பிறகு இறங்கும், நாங்களும் இறக்குவோம்.

லட்புரோக் குரோவ் ரயில் நிலையம் வழக்கமாக இரண்டு நாளும் பூட்டியிருக்கும், வெஸ்ட்போர்ன் பார்க்கில் பகலில் இறங்கலாம், ஏற விடமாட்டார்கள். பிள்ளைகளோடு பார்க்க விரும்பினால் ஞாயிறுதான் குடும்ப நாள், காலையிலேயே வாருங்கள். பிற்பகல் 3 மணிக்கு 2017இல் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீயில் இறந்த 72 பேருக்காக 72 விநாடி எல்லா இசையும் நிற்கும். அப்போது நடந்துகொண்டிருந்தால் நின்றுவிடுங்கள்.

இத்தனை வருடமாகக் கார்னிவல் கிழமையில் முன்கூட்டியே வாங்கி வைத்து, செவ்வாயன்று பலகை கழற்றும்போது தேத்தண்ணீரோடு வந்து கை கொடுக்கும் உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்களால்தான் இந்தக் கடை நிற்கிறது. கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியப்ப மா வேண்டியவர்கள் புதன் இரவுக்குள் சொல்லிவிடுங்கள், வெள்ளி 4 மணிக்கு முன் பெயர் எழுதிய பையில் இருக்கும். அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அன்புடன்,
கடைக்காரர்