கீழ் வீட்டு அம்மாளிடம் பேச்சுக் கொடு

அன்புள்ள யாழினிக்கு,

"பிரெஞ்சுக்காரர்கள் போன்ழூர் சொல்வதோடு சரி, அதற்குமேல் வாயே திறப்பதில்லை" என்று போனில் வருத்தப்பட்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை, கண்ணு. கேட்க ஆள் இருந்தால் அவர்கள் நிறையவே பேசுகிறார்கள்.

சாயங்காலக் காபியோடு நான் பிரான்ஸ் கல்ச்சர் வானொலியில் 'லே பியே சூர் தேர்' கேட்பது உனக்குத் தெரியும். 2002-லிருந்து வருகிற நிகழ்ச்சி. அரை மணி நேரம், சாதாரண மனிதர்கள் தங்கள் பிழைப்பைப் பற்றிப் பேசுவார்கள். நிபுணர் விளக்கம் கிடையாது. கேள்வி கேட்பவரின் குரல்கூட அநேகமாகக் கேட்காது. இழுப்பார்கள், மூச்சு வாங்குவார்கள், சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். அங்கேதான் நான் இன்னும் கூர்ந்து கேட்பேன்.

அதற்கு முன்பே, 1967 முதல் 1981 வரை, ஆர்.டி.எல். வானொலியில் மெனி கிரெகுவார் என்ற பெண்மணி நேயர்களோடு பேசும் நிகழ்ச்சி நடத்தினார். கருத்தடை, புருஷனோடு ஒத்துவராதது என்று வீட்டுக்குள்ளேயே அடக்கி வைத்ததையெல்லாம் பெண்கள் அவரிடம் போனிலும் கடிதத்திலும் கொட்டினார்கள். அந்தக் கடிதங்களை தூர் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். பேசாத ஜனங்களா இவர்கள்?

2018 நவம்பரில் டீசல் வரியை எதிர்த்து மஞ்சள் அங்கிக்காரர்கள் ரவுண்டானாக்களில் உட்கார்ந்தபோது டிவியில் கலவரத்தைத்தான் காட்டினார்கள். என் மனதில் நின்றது அவர்கள் சொன்னது: வேலைக்குப் போகக் காரை விட்டால் வேறு வழியில்லை, டேங்கை நிரப்பினால் மாசக் கடைசிக்குக் கையில் காசில்லை. பிறகு ஊர் ஊராக மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், குறைகளை எழுத நோட்டு வைத்ததும், ஜனங்கள் போய் ஓய்வூதியத்தையும் விலைவாசியையும் பற்றிக் கைப்பட எழுதினார்கள்.

லியோனுக்கு உன்னிடம் வந்திருந்தபோது குரூவா-ரூஸ் சந்தையில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். கேரட்டும் ஒரு கட்டு முள்ளங்கியும் பைக்குள் போய்விட்டன, ஆனால் அவர் நகரவில்லை. முழங்கால் ஆபரேஷன், ரிப்பேரான லிஃப்ட், போன் பண்ணாத மகன்... கடைக்காரர் சில்லறையைக் கையில் வைத்தபடியே தலையாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

அதனால் நீயும் உன் கீழ் வீட்டு அம்மாளிடம் பேச்சுக் கொடுத்துப் பார். நம்மூரில் கேட்பதுபோல் எடுத்த எடுப்பில் சம்பளம், குழந்தைகுட்டி என்று ஆரம்பிக்காதே. அது அங்கே எடுபடாது. பார்த்த வேலையைப் பற்றிக் கேள், சமையலைப் பற்றிக் கேள். நடுவில் புகுந்து உன் கதையை ஆரம்பித்துவிடாதே. அந்தப் பழக்கம் உனக்கு உண்டு.

கீழ் வீட்டு அம்மாள் எந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா
புதுச்சேரி