அக்காவின் காலும் சாக்கடைத் தண்ணீரும்

பாளையங்கோட்டை

அன்புள்ள சுடலை,

உன் கடிதத்துக்குப் பதில் போட இவ்வளவு நாளானதற்குக் காரணம் சின்னக்காவின் கால்தான். தைப்பூசத்தன்று குறுக்குத்துறைப் படித்துறையில் கல் இடறியதே, அந்தச் சின்னக் காயம். சர்க்கரை உடம்பு, ஆறவே இல்லை. சித்திரையில் சுண்டுவிரலை எடுக்கும்படி ஆகிவிட்டது. இப்போது புண் மூடிக்கொண்டு வருகிறது, கவலைப்படாதே.

டிரெஸ்ஸிங் மாற்றும்போதெல்லாம் துணியில் பச்சைப் பச்சையாகச் சீழ் ஒட்டியிருக்கும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவாம். கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. வரிசையாக மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி சாகும். ஆர் என்றால் சாகாது. மேலிருந்து கீழே வரை ஆர், ஆர், ஆர். கோலிஸ்டின் ஒன்றுதான் மிச்சம். அதுவோ சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து. முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவன், அந்தத் தாளோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன். அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததே இல்லை, சுடலை.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறாள். விஷயம் கேள்விப்பட்டு லேபுக்குக் கூப்பிட்டாள். ஒரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். ஆறின கஞ்சியில் ஆடை படியுமே, அப்படித் தட்டு முழுக்க மங்கலாகப் பாக்டீரியா. இடையிடையே மிளகளவில் தெளிந்த வட்டங்கள். “சார், இதெல்லாம் வைரஸ் தின்ற இடம்” என்றாள். எங்கே பிடித்தாய் என்றேன். சாக்கடையிலாம்! பாக்டீரியா நுழைய முடியாத மெல்லிய வடிகட்டியில் சாக்கடைத் தண்ணீரை வடித்தால், அதைவிடச் சிறிய வைரஸ் கீழே இறங்கிவிடுகிறது. அதில் ஒரு சொட்டைப் பாக்டீரியாத் தட்டில் விட்டு ஓர் இரவு வைத்தால் இந்த வட்டங்கள் விழுந்துவிடுமாம்.

பாக்டீரியாவைத் தின்னும் இந்த வைரஸ், பாக்டீரியோபேஜ், சுருக்கமாகப் பேஜ் என்று பாடத்தில் நாமும் படித்ததுதான். தலையும் வாலும் கால்களுமாகப் படம் போட்டு மார்க் வாங்கினோம், அதோடு சரி. அது பாக்டீரியாவின் மேல் உட்கார்ந்து தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்துகிறது. அரைமணி நேரம் போல ஆனதும் நூறு குட்டிகளாகப் பெருகி, சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. நம் செல்லில் அதற்குப் பிடிமானம் இல்லை. ஒரு பேஜுக்கு ஒரு வகைப் பாக்டீரியாதான் இரை, அதனால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் பிழைத்துக்கொள்ளும். சங்கடமும் இதில்தான். ஒவ்வொரு நோயாளிக்கும் பொருந்துகிற பேஜைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கங்கைத் தண்ணீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்று ஹாங்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1896-லேயே எழுதிவிட்டார். 1917-ல் டெரெல் என்ற விஞ்ஞானி இந்த வைரஸுக்குப் பெயர் வைத்தார். ஜார்ஜியா நாட்டுத் திபிலீசியில் எலியாவா என்ற விஞ்ஞானி 1923-ல் இதற்காகவே ஒரு நிலையம் தொடங்கினார். 1937-ல் அவரை ஸ்டாலின் ஆட்சி சுட்டுக் கொன்றது. மேற்கு நாடுகள் பெரும்பாலும் பெனிசிலின் வந்ததும் பேஜை மறந்தன. திபிலீசியில் விடாமல் வைத்தியம் செய்தார்கள்.

அமெரிக்காவில் டாம் பாட்டர்சன் என்ற பேராசிரியரின் கதையைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி, கோமாவில் கிடக்கிறார். அவர் மனைவி ஸ்டெஃபனி ஊர் ஊராக விஞ்ஞானிகளுக்கு எழுதிப் பேஜ் கேட்டார். அவர்கள் தேடிப் பிடித்ததில் சாக்கடையில் கிடைத்ததும் உண்டு. சுத்தம் செய்து 2016-ல் நரம்பு வழியே ஏற்றினார்கள். மனிதர் கண் விழித்தார்!

உடனே எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தீப்புண்ணில் இதே சூடோமோனாஸுக்குப் பேஜ் போட்டுப் பார்த்தார்கள். வைத்திருந்ததில் மருந்தின் வீரியம் குறைந்துபோய், வழக்கமான களிம்பே முந்திக்கொண்டது. பாக்டீரியாவும் பேஜுக்குத் தப்பப் பழகிவிடுகிறது. அதனால் இரண்டு மூன்று பேஜைக் கலந்து கொடுக்கிறார்கள். இருந்தாலும், நம் ஊர்ச் சாக்கடையிலேயே பிடித்து, சோதித்துச் சேமித்து வைக்கும் ஓர் இடம் திருநெல்வேலியில் வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். “ஆசை இருக்கு சார், ஆள்தான் வேணும்” என்றாள். வாரம் ரெண்டு நாள் குப்பி கழுவவாவது வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒன்று உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். காயம் பட்ட முதல் வாரம் டாக்டரிடம் கூட்டிப் போகாமல், கடையில் நானே மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மூன்று நாளில் வலி குறைந்தது, நிறுத்திவிட்டோம். அது மனசை அறுக்கிறது. மதினிக்கு இருமல் என்று எழுதியிருக்கிறாயே, வீட்டில் மிச்சம் கிடக்கிற ஆன்டிபயாடிக்கைத் தயவுசெய்து கொடுத்துவிடாதே. டாக்டரிடம் காட்டு.

ஆனித் தேருக்கு நீ வருவாயா என்று அக்கா கேட்கச் சொன்னாள். அதற்குள் நடந்துவிடுவாளாம், சொதி வைப்பாளாம்.

உன்,
இசக்கி