எந்த ஆன்ட்டி வைரஸ் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். கண்புரை அறுவை நன்றாக முடிந்தது. இப்போது பொடி எழுத்தும் பளிச்சென்று தெரிகிறது. மகள் மாற்றலாகிப் பக்கத்திலேயே வந்துவிட்டாள், பேரன் உன் கணினியை எடுத்துக்கொண்டுவிட்டான் என்று எழுதியிருந்தாய். புகார் மாதிரி எழுதினாலும் உனக்கு அதில் சந்தோஷம்தான் என்று எனக்குத் தெரியாதா!

திரையின் வலது மூலையில் ஒரு பெட்டி எட்டிப்பார்த்து, "உங்கள் கணினியில் வைரஸ், உடனே அழுத்துங்கள்" என்கிறது என்றாயே, அது பெரும்பாலும் வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளம் "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கும். விளையாட்டுக்குப் போகிற அவசரத்தில் பேரன் 'அனுமதி' கொடுத்திருப்பான். அன்று முதல் அது உன் திரையில் இஷ்டத்துக்கு விளம்பரம் ஒட்டுகிறது. குரோம் என்றால் செட்டிங்ஸில் தனியுரிமை, தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று வரிசையாக உள்ளே போ. அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் ஒவ்வொன்றையும் நீக்கு. பெட்டி நின்றுவிடும். எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருந்தால் அது மோசடியேதான். தன் எச்சரிக்கைகளில் ஒருபோதும் எண் தருவதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அந்த எண்ணுக்குப் பேசினால், கணினியைத் தூரத்திலிருந்து இயக்க வழி கேட்பார்கள். மீதியை நான் எழுத வேண்டியதில்லை.

ஆகவே இப்போதைக்கு எதுவும் வாங்காதே. விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற ஆன்ட்டி வைரஸ் இருக்கிறது. வீட்டு வேலைக்கு அது தாராளமாகப் போதும். வேறு ஆன்ட்டி வைரஸ் ஒன்றைப் போட்டால் டிஃபெண்டர் வழக்கமாகத் தானே ஒதுங்கிக்கொள்ளும். டிஃபெண்டர் விழித்திருக்கிறதா என்று பார்க்க வேடிக்கையான ஒரு வழி உண்டு. 'ஐகார்' என்று ஒரு சோதனைக் கோப்பு: வெறும் 68 எழுத்துகள், யாருக்கும் தீங்கில்லை. ஆன்ட்டி வைரஸ் தயாரிப்பவர்களில் பெரும்பாலோர் அதை வைரஸாகவே பாவிக்கச் சம்மதித்திருக்கிறார்கள். ஐகார் தளத்திலிருந்து அதை இறக்கிப் பார். டிஃபெண்டர் வேலை செய்தால் உடனே பாய்ந்து பிடிக்கும்.

ஆனால் ஆன்ட்டி வைரஸ் கடைசிக் காவல்தான். முதலில் உன் கண் பார்க்க வேண்டும். அதற்கு விண்டோஸே ஒரு தடை வைத்திருக்கிறது. கோப்பின் வால்பெயரை, அதாவது புள்ளிக்குப் பின்னால் வரும் சில எழுத்துகளை, அது வழக்கமாக மறைத்துவிடும். 2000 மே மாதம் உலகத்தையே ஆட்டிவைத்த 'ஐ லவ் யூ' வைரஸ் நினைவிருக்கிறதா? இணைப்பாக வந்த காதல் கடிதத்தின் பெயர் 'டிஎக்ஸ்டி', அதாவது வெறும் எழுத்துக் கோப்பு, என்று முடிவதாகத்தான் பலருக்கும் தெரிந்தது. அதற்குப் பின்னால் 'விபிஎஸ்' ஒளிந்திருந்தது. கடிதம் என்று நினைத்துத் திறந்தது ஒரு நிரல். அது முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது, படக் கோப்புகளையும் அழித்து எழுதியது. கால் நூற்றாண்டு ஆகியும் விண்டோஸ் அந்த வாலை மறைப்பதை விடவில்லை. எனக்கு இது புரியவே இல்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதிக்குப் போய் வால்பெயர்களைக் காட்டும்படி வைத்துக்கொள். ரசீது என்று வந்த பிடிஎஃப்பின் பெயர் 'ஈஎக்ஸ்இ' என்று முடிந்தால் அதுவும் ஒரு நிரல்தான், அதைத் திறக்காமலே அழி.

விண்டோஸ் அப்டேட் கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்று தள்ளிவிடுவதாக எழுதியிருந்தாய். 2017 மே 12 அன்று பரவிய 'வானாக்ரை' வைரஸுக்கு யாரும் எதையும் அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாகத் தானே புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதமாக 'பிறகு' சொன்னவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். உன்னுடையது இன்னும் விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. 11-க்கு மாறு, இயந்திரம் பழசு, ஏற்காது என்றால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள். அதுவரை அதில் வங்கி வேலை வேண்டாம்.

பேரனைத் திட்டாதே, அவனுக்குத் தனிக் கணக்கு ஒன்று திறந்து கொடு. அட்மின் உரிமை வேண்டாம். கணினி முழுவதையும் தொடும் எதையும் இன்ஸ்டால் செய்ய உன் பாஸ்வேர்டு கேட்கும். அவன் வயதில் பிள்ளைகள் விளையாட்டுகளுக்கு கிராக், அதாவது காசு கொடுக்காமல் ஓடவைக்கும் திருட்டுக் கோப்பு, தேடுவார்கள். "முதலில் ஆன்ட்டி வைரஸை அணைத்துவிடுங்கள்" என்று அதனுடன் குறிப்பு வரும். அதைப் படித்ததும் மூடிவிட வேண்டும் என்று அவனிடம் சொல். இப்போதைய திருட்டு நிரல்கள் திரையில் எதையும் காட்டுவதில்லை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைச் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு போய்விடும். அப்படிச் சந்தேகம் வந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, பாஸ்வேர்டுகளை வேறொரு சாதனத்திலிருந்து மாற்று.

இதெல்லாம் செய்தும் ஒரு நாள் தவறலாம். அன்று கைகொடுப்பது பேக்கப் மட்டும்தான். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி, படங்களையும் பத்திரங்களையும் அதில் நகலெடு. எடுத்து முடித்ததும் கழற்றிவிடு. இது முக்கியம்: கணினியில் செருகியே வைத்திருந்தால் பூட்டுகிற வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டும். ஒரு நகல் வேறு வீட்டில் இருப்பது இன்னும் நல்லது. அதனால் ஒன்று செய்வோம்: உன் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு, என்னுடையதை நான் உனக்கு அனுப்புகிறேன். வங்கி விவரம் இருக்கிற கோப்புகளைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி அனுப்பு. நம் கல்லூரிச் சுற்றுலாப் படங்களை மட்டும் பூட்டாமல் விடு. அவை என்னிடம் இல்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்