வெள்ளை மாளிகை வாசலில் உன்ர மகன்

கொக்குவில்,
2011 மே 9

மச்சான்,

தையில வந்த கடிதத்துக்கே இன்னும் பதில் போடேல்லை, ஏசாதை. வீட்டில எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ. கறுத்தக்கொழும்பான் மாங்காய் இந்தமுறை வௌவாலுக்கே காணாது.

நீ மெயிலில அனுப்பின படம் பார்த்தன். பின்லாடனைக் கொன்ற செய்தி வந்த இரவு, நடுச்சாமத்தில வெள்ளை மாளிகை வாசலில கொடியோட ஆடுற உன்ர மகன். தேசிய கீதத்துக்கு வாயை மட்டும் அசைச்ச உனக்கு இப்பிடியொரு தேசபக்தன்! நல்லாச் சிரிச்சன். பிறகு மனம் ஒரு மாதிரிப் போச்சு.

பின்லாடனுக்காக நான் அழேல்லை. 2001 இல அவன்ர ஆக்கள் அடிச்சதில செத்தது கிட்டத்தட்ட 3000 சனம். அண்டைக்கு மான்ஹாட்டனில இருந்து பாலத்தால நடந்து வீட்டை போனதை நீ சொல்லேக்க உன்ர குரல் நடுங்கினது ஞாபகமிருக்கு. அவன் ஒழிஞ்சான் எண்டு நீ மூச்சு விட்டால் ஆரும் கேள்வி கேட்கேலாது. ஆனா அந்த ஆட்டம்? அதை நான் முந்தியும் பார்த்தனான். 2009 மே 19, நந்திக்கடலில கிடந்த புலித் தலைவர் பிரபாகரன்ர உடம்பை ரீவியில திருப்பித் திருப்பிக் காட்டினாங்கள். கொழும்பு வீதியெல்லாம் வெடியும் பாற்சோறும். நாங்கள் கதவைச் சாத்திப்போட்டு, வன்னிக்குள்ள அக்கா குடும்பம் உயிரோடயோ எண்டு தெரியாமல் இருந்தம். வெடி கொளுத்தினதுகளும் கெட்ட சனமில்லை மச்சான். குண்டுக்குப் பயந்து புருசன் ஒரு பஸ், பெஞ்சாதி ஒரு பஸ் எண்டு போய்வந்ததுகள். ஆனா அந்தச் சத்தத்துக்குள்ள முள்ளிவாய்க்காலில செத்த சனத்தை ஆரும் கேட்கேல்லை. 40,000 பேர் வரை இருக்கலாம் எண்டு ஐ.நா. நிபுணர் குழு போன மாதம்தான் வாய் திறந்திருக்கு.

எங்கட பக்கமும் திறமில்லை. 1993 இல பூநகரி ஆமி முகாமைப் புலிகள் அடிச்ச நேரம் ஒழுங்கையில கற்கண்டு குடுத்தினம். உன்ர ஆச்சி கை நீட்டேல்லை. "செத்தவீட்டில ஆரடா கற்கண்டு தாறது?" எண்டு கேட்டா. நீதான் அவவின்ர பங்கையும் வாங்கித் திண்டனி!

அந்தக் காலத்துச் சிங்கள ராசா துட்டகைமுனு எண்டாலே எங்களுக்கு ஆகாது. ஆனா தமிழ் ராசா எல்லாளனைக் கொன்ற கையோட அவனுக்குச் சமாதி கட்டி, அதைக் கடக்கேக்க மேளத்தை நிப்பாட்ட வைச்சவனும் அவன்தான். வெண்ட பக்கத்தின்ர புத்தகம், மகாவம்சம், அப்பிடித்தான் சொல்லுது. அந்தப் புத்தகத்தைத் தலையில வைச்சுக் கொண்டாடுறவைதான் ரெண்டு வருசத்துக்கு முந்தி வீதியில ஆடினவை.

மகனிட்ட இதைக் காட்டாதை. நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு வா, நான் நேர கதைக்கிறன். உனக்குக் கோபமெண்டால் எழுதி ஏசு. போனில வேண்டாம், உதெல்லாம் இஞ்ச போனில கதைக்கேலாது. இதையும் தபாலில போடேல்லை, கொழும்பால பறக்கிற ஒரு ஆளிட்டக் குடுத்துவிடுறன்.