எங்கள் தீபாவளிப் படங்களில் நரைத்த தலைகள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்தத் தீபாவளிக்கு எங்கள் துணிக்கடை வாசலில் நாங்கள் மாட்டிய விளம்பரப் படங்களைப் பார்த்துவிட்டு, "என்ன, இனிமேல் வயதானவர்களுக்கு மட்டும்தானா?" என்று சிலர் கேட்டீர்கள். இல்லை. இருபது வயதுத் தம்பிக்கும் அதே சட்டை, அதே துணி, அதே விலைதான். ஆனால் படத்தில் நிற்பவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டிய எங்கள் வாடிக்கையாளர்கள். அதன் காரணத்தை உங்களிடம் சொல்ல விரும்புகிறோம்.

போன ஆண்டு வரை விளம்பரக்காரர்கள் அனுப்பிய இளம் மாடல்களின் படங்களைத்தான் வைத்திருந்தோம். ஒருநாள், ஈசூனிலிருந்து வழக்கமாக வரும் ஐயா ஒருவர் அதில் இருந்த கருநீலச் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இதெல்லாம் சின்னப் பசங்களுக்குத் தம்பி" என்று சொல்லிவிட்டு, எப்போதும் வாங்கும் வெள்ளைச் சட்டையையே எடுத்துக்கொண்டு போனார். அவர் அளவிலேயே கருநீலம் அலமாரியில் இருந்தது. எங்கள் படம்தான் அவரைத் தள்ளி நிறுத்திவிட்டது என்பது எங்களுக்கு மிகவும் உறுத்தியது.

சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 65 வயதைத் தொட்டவர். 2030இல் அது நான்கில் ஒருவராகும் என்பது அரசாங்கக் கணிப்பு. 2026 ஜூலை முதல் ஓய்வு வயது 64, ஓய்வுக்குப் பிறகும் தகுதியானவர்களுக்கு முதலாளி மறுவேலை தர வேண்டிய வயது வரம்பு 69. அந்த வயதிலும் இஸ்திரி போட்ட சட்டையோடு காலையில் எம்ஆர்டி ஏறுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். மருந்து விளம்பரத்துக்கும் காப்புறுதி விளம்பரத்துக்கும் அவர்கள் முகம் வேண்டும், துணிக்கு மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

வெளிநாட்டில் இது புதிதில்லை. 2007இல் லூயி விட்டான் என்ற ஆடம்பர நிறுவனத்தின் பை விளம்பரத்தில், முன்னாள் சோவியத் அதிபர் கோர்பச்சேவ் தன் 76 வயதில் வந்தார். 2015இல் பெய்ஜிங்கில் சீன நடிகர் வாங் டெஷுன் 79 வயதில் மேல்சட்டை இல்லாமல் ஆடை அணிவகுப்பு மேடையில் நடந்தார். எங்களுக்கும் வியப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர் ஒரு நாட்டையே ஆண்டவர். மற்றவர் உடம்பைப் பல ஆண்டுகள் பயிற்சியால் வளர்த்தவர். "என் தொப்பை மேல் இந்தச் சட்டை எப்படி உட்காரும்?" என்று கேட்பவருக்கு அந்தப் படங்களில் பதில் இல்லை.

அந்தப் பதிலைத்தான் எங்கள் படங்களில் காட்ட நினைத்தோம். முதுகு சற்றுக் கூனினால் சட்டை பின்னால் மேலேறி, முன்னால் தொங்கும். பின் உயரத்தைக் கூட்டி முன் உயரத்தைக் குறைத்துத் தைக்க வேண்டும். தொப்பைக்காகப் பெரிய அளவு எடுத்தால் தோள் தையல் கைக்கு இறங்கி, திடமான மனிதரையும் தளர்ந்தவராகக் காட்டும். தோளுக்குச் சரியாக எடுத்து, வயிற்றுப் பக்கம் தளர்வாகத் தைப்பதுதான் முறை. விரல் மூட்டு வலிப்பவர்களுக்குக் கொஞ்சம் பெரிய பொத்தான், வெல்க்ரோ வைத்த வேட்டி. அப்புறம் நிறம்: நரைத்த தலைக்கு மணல் நிறமும் வெளிர் சாம்பலும் பெரும்பாலும் முகத்தை வெளிறச் செய்யும், கருநீலமும் அரக்கும் எடுப்பாக இருக்கும். இதையெல்லாம் இருபத்தைந்து வயது மாடலை வைத்துக் காட்டவே முடியாது.

படங்களில் சுருக்கங்களை அழிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். "இளமையாகத் தெரிவீர்கள்" என்றும் எங்கேயும் எழுதவில்லை. நின்றவர்களுக்கு மாடல்களுக்குக் கொடுத்த அதே சம்பளம் கொடுத்தோம். போட்ட உடுப்பும் அவர்களுக்கே.

ஈசூன் ஐயாவையும் கேட்டோம். படமெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார். கருநீலச் சட்டையை மட்டும் போட்டுப் பார்த்து, கை நீளத்தை அரை அங்குலம் குறைக்கச் சொன்னார்.

அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ எடுக்க வருகிறவர்கள், முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். உட்கார நாற்காலி போட்டிருக்கிறோம். வர முடியாதவர் என்றால், அவருக்கு நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவாருங்கள்; அதை வைத்து அளவெடுத்துக்கொள்கிறோம். அளவு திருத்தும் வேலையைத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு வரை ஏற்றுக்கொள்வோம்.

அன்புடன்,
உங்கள் துணிக்கடைக் குடும்பத்தார்,
தேக்கா